பச்சைத் தொலைபேசிக்கு மணி வந்த கதை

அண்ணி எழுதிய நாடகத்தில் ஒரு தொலைபேசி மூன்று முறை அடிக்க வேண்டும். முதல் முறை தவறான எண். இரண்டாவது முறை மளிகைக்கடைக்காரர். மூன்றாவது முறைதான், வீட்டில் கோபித்துக்கொண்டு ஜொகூருக்குப் போய்விட்ட மகள். நாடகம் முழுக்க அந்த மூன்றாவது மணிக்காகக் காத்திருக்கிறது. கைத்தொலைபேசி வருவதற்கு முந்தைய காலத்துக் கதை. அதனால் விரலால் சுழற்றி எண் போடும் பழைய தொலைபேசிதான் மேடையில் இருக்க வேண்டும் என்று அண்ணி ஒற்றைக்காலில் நின்றார்.

அண்ணி என் அண்ணனின் மனைவி. மலைமேல் கம்போங் ராஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறார். தீபாவளி முடிந்து தோட்ட மண்டபத்தில் நடக்கும் ஒன்றுகூடலுக்கு வருஷா வருஷம் நாடகம் போடுவார். எழுதுவதும் அவர், சொல்லிக்கொடுப்பதும் அவர், முக்கிய வேஷமும் அவர். நான் அதே தோட்டத்துத் தொழிற்சாலையில் மின்சாரப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். மோட்டார், விசிறி, சுவிட்சுப் பெட்டி, இவைதான் என் உலகம். நாடகத்தில் எனக்கு விளக்கு போட்டு அணைக்கும் வேலை மட்டும்.

ஒத்திகையில் மணிச் சத்தத்தைக் கைத்தொலைபேசியில் வைத்து, திரைக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்பீக்கரில் விட்டோம். மேடையின் இடது பக்கம் மேசைமேல் அட்டையில் செய்த தொலைபேசி. சத்தமோ வலது பக்கத்திலிருந்து வந்தது. மகளுக்காக ஏங்கி உட்கார்ந்திருந்த அண்ணி தன்னையறியாமல் வலது பக்கம் திரும்பி, சுதாரித்துக்கொண்டு இடது பக்கம் ஓடினார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அழ வேண்டிய இடம் அது.

அண்ணி வசனத்தாளைச் சுருட்டி என்னை நோக்கி நீட்டினார்.

"இந்தா புள்ள, பெக்டரியில அத்தாம் பெரிய மெஷினெல்லாம் ஓட்டுறியே. ஒரு போன் மணி அடிக்க வைக்க மாட்டியா?"

"நெச போனுக்கா அண்ணி?"

"நெச போனுக்குத்தான். மேசையில இருந்து சத்தம் வரணும். அதுவும் ஒயர் கியர் எதுவும் தொங்கக் கூடாது. அந்த மேசையை நாடகத்துக்கு நடுவுல உங்கண்ணன்தான் தூக்கிட்டு வந்து வைக்கணும், தெரியும்தானே?"

தெரியும் என்று தலையாட்டினேன். எப்படிச் செய்வது என்றுதான் தெரியவில்லை. ஆனால் அந்தக் கணமே உள்ளுக்குள் ஏதோ துள்ள ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே நினைப்பு.

பழைய தொலைபேசி எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. பிரிஞ்சாங் டவுனில், கைத்தொலைபேசி பழுது பார்க்கும் ஒரு கடையில், கண்ணாடி அலமாரியின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. பச்சை நிறம். கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். என் வயதுதான் இருக்கும். அவர் குடும்பத்துச் சாப்பாட்டுக் கடைக்கு ஒட்டினாற்போல அந்தச் சின்னக் கடை. ரொட்டிக்கல் சூடும் குழம்பு வாசமும் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரிங்காப் வழியாகப் போய் இறங்கினேன். விஷயத்தைச் சொன்னதும் பாய் தன் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார்.

"அது விக்கிறதுக்கு இல்ல தங்கச்சி. ஒரு பழைய ஓட்டல ஒடைச்சப்போ எடுத்துட்டு வந்தேன். அழகா இருக்குன்னு வச்சிருக்கேன்."

"விலைக்குக் கேக்கல பாய். நாடகத்துக்கு இரவல்தான்."

"மணி அடிக்க வைக்கணும்ங்கிறீங்க?"

"ஆமா. பேட்டரியில. ஒத்த பேட்டரியில."

அவர் அலமாரியை நிமிர்ந்து பார்த்தார். "வந்ததுலேர்ந்து அது ஒரு தடவ கூட அடிச்சதில்ல. நான் கேட்டதே இல்ல," என்றார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறினார். "இரவல் தர்றேன் லா. ஒரு கண்டிஷன். ஒங்க கூட நானும் சேந்துதான் செய்வேன்."

அடிப்பக்கத்து இரண்டு திருகாணிகளைக் கழற்றியதும் பச்சை மூடி கையோடு வந்தது. உள்ளே இரண்டு பித்தளைக் கிண்ணங்கள் கவிழ்ந்திருந்தன. நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரு குட்டிச் சுத்தி. அதன் பின்னால் தாமிரக் கம்பி சுற்றிய சுருள். கிண்ணத்தை நகத்தால் தட்டினேன். அந்தச் சின்ன ஓசையே எனக்குப் போதையாக இருந்தது.

பாய் சதுரமான ஒன்பது வோல்ட் பேட்டரிகளில் சிலவற்றை ஒன்றின் தலையில் ஒன்றாகச் செருகி நீளமாக ஒரு கட்டை மாதிரி ஆக்கினார். அதன் இரண்டு முனைகளையும் தொலைபேசியின் கம்பிகளில் தொட்டார்.

டிங்.

ஒரே ஒரு டிங். அவ்வளவுதான். சுத்தி ஒரு கிண்ணத்தைத் தட்டிவிட்டு அங்கேயே நின்றுவிட்டது. எடுத்து மறுபடியும் தொட்டார். இந்த முறை சத்தமே இல்லை.

"செத்துப் போச்சா?" என்றார்.

"இருங்க பாய்," என்று பேட்டரிக் கட்டையை வாங்கி, தலைகீழாகத் திருப்பித் தொட்டேன்.

டிங். இப்போது அடுத்த கிண்ணத்தில்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் மறுபடி திருப்பினேன். டிங். திருப்பினேன். டிங். மூச்சு வாங்க வாங்கப் புரட்டிப் புரட்டித் தொட்டேன். அடுத்த கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மின்சாரம் ஒரு திசையில் போனால் சுத்தி இடது பக்கம் சாயும். திசை மாறினால் வலது பக்கம் சாயும். மணி என்றால் இதுதான். சுத்தி போய்ப் போய் வர வேண்டும், நொடிக்கு இருபது முறைக்கு மேல்.

வீட்டுச் சுவரிலிருந்து வரும் மின்சாரம் தானாகவே திசை மாறி மாறி ஓடும். பேட்டரி அப்படி இல்லை. அதற்கு ஒரே திசைதான் தெரியும். நாடக மேசையின் டிராயருக்குள் வைக்க, அலாரப் பெட்டியில் இருக்கிற மாதிரி பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்றுதான் கொள்ளும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு திசையை மாற்ற வேண்டும், கையால் புரட்டாமல்.

பாய் ஒரு அட்டைப்பெட்டி மூடியைக் கிழித்து அதில் ஏணிப்படி போல ஒரு படம் போட்டார். இரண்டு பக்கமும் இரண்டு நெட்டுக் கோடுகள், நடுவில் ஒரு குறுக்குக் கோடு. குறுக்குக் கோட்டில் மணி. நெட்டுக் கோடுகளில் மேலே ஒன்று கீழே ஒன்றாக மொத்தம் நான்கு சுவிட்சுகள். மேலே பேட்டரியின் கூட்டல் முனை, கீழே கழித்தல் முனை. எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டைப் போட்டால் மின்சாரம் மணிக்குள் இடமிருந்து வலமாக ஓடும். அவற்றை அணைத்துவிட்டு மற்ற இரண்டைப் போட்டால் வலமிருந்து இடமாக ஓடும். பேட்டரி இருந்த இடத்திலேயே இருக்கும். திரும்புவது பாதை மட்டும்தான்.

விரலால் அந்தக் கோடுகளின்மேல் போய்ப் போய் வந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா என்று ஒரு சிரிப்பு, இவ்வளவு அழகா என்று ஒரு சிரிப்பு.

எனக்குப் பழக்கமானது டக்கென்று இழுத்துப் பிடிக்கும் சுவிட்சுகள். அதனால் முதலில் அதே வகையில் சின்னதாக இருக்கும் ரிலேக்களைப் போடலாம் என்றேன். பன்னிரண்டு வோல்ட் மணிக்குப் போதாது என்பதால் பாய் ஒரு பழுதான ஆம்ப்ளிஃபையரிலிருந்து சின்ன ட்ரான்ஸ்ஃபார்மரைக் கழற்றினார். வீட்டு மின்சாரத்தைக் குறைத்துக் கொடுப்பது அதன் வேலை. அதையே பின்பக்கமாக மாட்டினால் குறைந்ததைக் கூட்டிக் கொடுக்கும். ஆனால் மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரமாக இருந்தால்தான் கொடுக்கும். நாம்தான் மாற்றப் போகிறோமே!

மணி அடித்தது. நிஜமாகவே அடித்தது. உடனே அண்ணிக்கு போன் போட்டுக் கேட்கச் சொன்னேன்.

"என்னா புள்ள அது, தையல் மெஷினா?"

ரிலேக்கள் டகடகடகவென்று போட்ட சத்தத்தில் மணி அமுங்கிப் போயிருந்தது. பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்த ஞாயிறு சத்தமே போடாத சுவிட்சுகளுக்கு மாறினோம். ட்ரான்சிஸ்டர் என்று ரேடியோக் காலத்திலிருந்து எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான். அவற்றை மாறி மாறிப் போட்டு அணைக்க, சொன்ன பேச்சைக் கேட்கிற ஒரு சின்னக் கணினிப் பலகை. பாய் நான்கையும் ஈயத்தால் பற்றவைத்து முடித்தார். நான் பேட்டரியை இணைத்தேன். மணி அடிப்பதற்குப் பதிலாக ஒரு நூல் புகை மேலே எழும்பியது.

"அலாமா!" என்று பாய் கம்பியைப் பிடுங்கினார்.

கருகிய இரண்டை மாற்றினோம். மறுபடியும் புகை. பாய் முகம் வாடிவிட்டது. "கோடு சரியாத்தானே தங்கச்சி இருக்கு? போட்டா ரெண்டு, அணைச்சா ரெண்டு..."

நான் கருகிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும் ஒரே பக்கத்து மேலும் கீழும்தான் கருகுகின்றன. சட்டென்று தொழிற்சாலை ஞாபகம் வந்தது. பறித்த கொழுந்தைப் பரப்பி வாட்டுவதற்கு எங்களிடம் நீளநீளமான தொட்டிகள் இருக்கின்றன. அவற்றின் முனையில் ஆள் உயர விசிறிகள். கொஞ்ச நேரம் காற்றைக் கீழிருந்து மேலே தள்ளும், பிறகு திசை மாறி மேலிருந்து கீழே இழுக்கும். திசை மாற்றும் பெட்டிக்குள் இரண்டு பெரிய சுவிட்சுகள். ஒன்று முழுசாக விட்ட பிறகுதான் மற்றது பிடிக்கும். அப்படி ஒரு பூட்டு அதில் உண்டு. அந்தப் பூட்டை நான் எத்தனை தடவை துடைத்துச் சரிபார்த்திருப்பேன்!

"பாய், ஒன்ன அணைச்ச ஒடனே அடுத்தத போடுறோமா?"

"ஆமா, ஒடனே."

"அது அணையறதுக்குள்ள இது வந்துருது பாய்! ரெண்டும் ஒரு நொடிக்கும் கொறஞ்ச நேரம் சேந்து நிக்குது. அப்போ மேலேர்ந்து கீழ பேட்டரி நேராப் பாய்ஞ்சுருது, மணிக்குள்ள போகாமலே. நடுவுல கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க. எல்லாத்தையும் அணை, பொறு, அப்புறம் போடு."

பாய் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். பிறகு பலகைக்குச் சொல்லும் கட்டளைகளில் ஒரு வரி சேர்த்தார். கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு துளிதான் அந்தப் பொறுமை.

பேட்டரியை இணைத்தேன். புகை இல்லை. மணியும் இல்லை. கிர்ர்ர் என்று ஒரு உறுமல் மட்டும் வந்தது. காதைக் கிட்டே கொண்டு போனேன். சுத்தி நடுவிலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. வீட்டு மின்சாரத்தின் வேகத்திலேயே திருப்பச் சொல்லி வைத்திருந்தோம். பாவம் அந்தச் சுத்தி, அந்தப் பக்கம் போய்ச் சேருவதற்குள் திரும்பி வா என்றால் எப்படி வரும்?

"வேகத்தக் கொறைங்க பாய். இன்னும்... இன்னும்..."

உறுமல் மெல்ல உதறலானது. உதறல் லேசான கிணுகிணுப்பானது. பிறகு, ஒரு நொடியில், முழு மணி மலர்ந்தது.

ட்ரிங்ங்ங்! ட்ரிங்ங்ங்!

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அத்தனை பெரிய சத்தம் அந்தச் சின்ன பச்சைப் பெட்டிக்குள்ளிருந்தா! அடுத்த கடையில் ரொட்டி வீசிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். யாரோ ஒருவர், "போன எடுங்க லா!" என்று கத்தினார். பாய் என்ன செய்தார் தெரியுமா? எதிரிலேயே பேட்டரியும் கம்பியும் கிடக்க, தானே கட்டிய மணி என்பதையும் மறந்து, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, "ஹலோ?" என்றார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினேன். சந்தோஷத்தில் ஒரு கம்பியைத் தொட்டு, சுருக்கென்று ஒரு அடியும் வாங்கினேன். அதுகூட அன்றைக்கு இனித்தது.

பாய்க்கு ஒரு குறை. "நான் எடுத்த பெறகும் அடிச்சுக்கிட்டே இருக்கு பாருங்க. நெச போன்னா எடுத்தா நின்னுரும்." ரிசீவரை எடுத்ததும் மேலெழும்பும் அந்தக் கொக்கியின் கம்பியையும் பலகையோடு இணைத்தார். இப்போது எடுத்தால் மணி நின்றது. திரைக்குப் பக்கத்திலிருந்து நான் தொடங்கி வைப்பதற்கு, வீட்டு கேட் திறக்கும் ரிமோட் ஒன்றைத் தேடிக் கொடுத்தார்.

நாடகம் ஞாயிறு பிற்பகலில். மண்டபம் நிறைந்து வழிந்தது. தோட்டத்து லய வீடுகளில் குடியிருக்கிறவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், திரிங்காப் காய்கறித் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களும் லோரியில் வந்து இறங்கினார்கள். பாய் கடையைச் சாத்திவிட்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் திரை மறைவில் ஒரு கையில் விளக்கு சுவிட்சும் மறு கையில் ரிமோட்டுமாக நின்றேன்.

அண்ணன் மேசையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஒரு கம்பி கூடத் தொங்கவில்லை. சபையில் யாரும் அந்தப் பச்சைத் தொலைபேசியைப் பெரிதாக எண்ணியிருக்க மாட்டார்கள். பொத்தானை அழுத்தினேன்.

முதல் மணியில் மண்டபமே திடுக்கிட்டது. பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். பாய் திரும்பித் திரும்பி எல்லோர் முகத்தையும் பார்த்தார். இரண்டாவது மணிக்குச் சிரிப்பு வந்தது, அண்ணி எழுதிய இடத்தில், எழுதியபடியே.

மூன்றாவது மணிக்கு முன்னால் அண்ணிக்கு நீளமான பேச்சு ஒன்று உண்டு. தனியாக நின்று மகளிடம் பேசுவது போலப் பேச வேண்டும். மழை அதற்குள் பிடித்துக்கொண்டது. தகரக் கூரைமேல் தடதடவென்று கொட்டியது. அண்ணி இரண்டு வரி சொல்லியிருப்பார். பட்டென்று மின்சாரம் போய்விட்டது.

விளக்கு இல்லை. மைக் இல்லை. சன்னல் வழியாக மழைக்காலத்துச் சாம்பல் வெளிச்சம் மட்டும். பிள்ளைகள் ஊளையிட்டார்கள், நாற்காலிகள் நகர்ந்தன, யாரோ கைத்தொலைபேசி விளக்கைப் போட்டார்கள். அண்ணி மேடையில் அசையாமல் நின்றார். அவர் உதடுகள் அசைந்தன. மழையில் ஒரு சொல்லும் வெளியே வரவில்லை.

என் கையில் செத்துப்போன சுவிட்சு ஒன்று. மறு கையில் ரிமோட். மேசைக்குள் பேட்டரி. அதற்கு மின்சார வாரியத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லை! அண்ணி இன்னும் பாதிப் பேச்சைச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அழுத்தினேன்.

ட்ரிங்ங்ங்! ட்ரிங்ங்ங்!

மழையை மீறி அந்த மணி மண்டபத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் போனது. சலசலப்பு அடங்கியது. அண்ணி சரேலென்று தொலைபேசியைப் பார்த்தார். அந்தத் திடுக்கிடல் நடிப்பில்லை, சத்தியமாக இல்லை. ஒரு அடி எடுத்து வைத்தார். நின்றார். எடுத்தால் மகளாக இருக்க வேண்டும், மகளாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவர் முதுகிலேயே தெரிந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் அந்தச் சுத்தியை நினைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம், இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் கத்தினாள்: "எடு லா அக்கா!"

இன்னொரு குரல்: "எடுக்கா! மகதான்!"

பிறகு மண்டபமே சொன்னது. எடு, எடு, எடு. முன் வரிசையில் பாய் எழுந்து நின்று இரண்டு கைகளாலும் எடுக்கச் சொல்லிக் காட்டினார். அண்ணி கையை நீட்டி ரிசீவரைத் தூக்கினார். மணி சட்டென்று நின்றது. மழை கூடக் கொஞ்சம் விலகி நின்ற மாதிரி இருந்தது.

"ஹலோ," என்றார் அண்ணி. "அம்மாதான் பேசுறேன்."

மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. எனக்குப் பக்கத்தில் நின்ற அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாடகம் அந்த வரியோடு முடிகிறது. கைதட்டல் அடங்க ரொம்ப நேரமானது. மின்சாரம் அதற்குப் பிறகுதான் வந்தது.

திரைக்குப் பின்னால் அண்ணி என் தோளைப் பிடித்து உலுக்கினார். "பாதி வசனத்த முழுங்கிட்டேடி நீ!" என்றார். பிறகு என்னை இழுத்துக் கட்டிக்கொண்டார். "அந்த வசனம் வேணாம். இனிமே இப்படித்தான்."

பாய் எங்களைத் தன் குடும்பத்துக் கடைக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அவருடைய வேனில் அண்ணன் முன்னால், நானும் அண்ணியும் பின்னால். அண்ணி தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, அழிக்காத மேக்கப்போடு உட்கார்ந்திருந்தார். திரிங்காப் தாண்டியதும் முன்னால் முட்டைக்கோஸ் ஏற்றிய லோரிகள் வரிசையாக நின்றுவிட்டன. மழையில் சன்னல் கண்ணாடியெல்லாம் பனி பூத்திருந்தது.

"தங்கச்சி," என்று பாய் திரும்பினார். "நம்ம மணி கொஞ்சம் மொரடா அடிக்குதுன்னு ஒங்களுக்குத் தோணலையா?"

"தோணுச்சு பாய். டக்குன்னு அந்தப் பக்கம், டக்குன்னு இந்தப் பக்கம். நடுவுல ஒன்னுமே இல்ல."

"அதேதான்!" அவர் தனக்கு முன்னாலிருந்த கண்ணாடியில் விரலால் படி படியாகச் சதுரக் கோடு ஒன்று இழுத்தார். மேலே ஒரு தட்டை, கீழே ஒரு தட்டை. அதற்குக் கீழே இன்னொன்று, இது மலைமேடு போல வளைந்து ஏறி வளைந்து இறங்கியது. "இப்படி ஏறி இப்படி எறங்குச்சுன்னா?"

"அதே நாலு சுவிட்சுலயா?"

"அதே நாலு. துண்டு துண்டாப் போட்டு அணைக்கணும். மொதல்ல சின்னத் துண்டு, அப்புறம் பெருசு, அப்புறம் மறுபடி சின்னது..."

நான் முன் இருக்கைகளுக்கு நடுவில் தலையை நீட்டி, அவர் போட்ட வளைவுக்குள் குறுகிய கோடும் அகன்ற கோடுமாக நிரப்ப ஆரம்பித்தேன். நீர் வழிந்து கோடுகள் அழிந்தன. மறுபடி போட்டேன். பின்னால் ஒரு லோரி ஹார்ன் அடித்தது. முன்னால் இருந்தவை எல்லாம் எப்போதோ நகர்ந்து போயிருந்தன.

"பாய்," என்றார் அண்ணி, "மொதல்ல வண்டிய எடுங்க லா. எனக்குப் பசிக்குது."